பருத்திமாரும் பிளாஸ்டிக்கும்: வேளாண் கழிவு நாரை வலுவூட்டும் பொருளாக்கும் வழி

தை மாதம் பிறக்கும் வேளையில் ஐதராபாத்தைச் சூழ்ந்துள்ள மாவட்டங்களில் பருத்தியின் கடைசிப் பறிப்பு முடிவுக்கு வருகிறது. பஞ்சு மண்டிக்கும், விதை எண்ணெய் ஆலைக்கும் சென்றுவிட, காய்ந்த செடி மட்டும் நிலத்தில் எஞ்சி நிற்கிறது. தமிழ்நாட்டு உழவர்கள் இதனைப் பருத்திமார் என்பர். ஒரு ஹெக்டேர் பருத்தி நிலத்தில் 2 முதல் 3 டன் வரை பருத்திமார் கிடைக்கும். அதில் சிறிதளவு அடுப்பெரிக்கப் பயன்படுகிறது. மிகுந்தது பெரும்பாலும் வயலிலேயே தீயிடப்படுகிறது.

அதே ஐதராபாத்தின் செர்லபள்ளி, ஜீடிமெட்லா போன்ற தொழிற்பேட்டைகளில் பிளாஸ்டிக் குருணைகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கி, பெட்டிகளாகவும் தகடுகளாகவும் உருமாறுகின்றன. பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் அந்தக் குருணையின் விலை, கச்சா எண்ணெயின் விலையோடு ஏறி இறங்குகிறது. ஒருபுறம் விலையின்றி எரியும் நார்; மறுபுறம் விலைகொடுத்து வாங்கும் பிளாஸ்டிக். முன்னதைப் பின்னதற்குள் கலந்து, வலுவும் இலேசும் கொண்ட புதிய பொருளை உருவாக்க இயலும் என்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றனர். அது எவ்வாறு நிகழ்கிறது, ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெறும் முறை தொழிற்கூடத்தில் ஏன் தடுமாறுகிறது, இத்துறையில் முதலீடு செய்ய விழைவோர் எவற்றை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கூட்டுப்பொருள் என்பது யாது?

மண்சுவர் எழுப்பிய நம் முன்னோர், மண்ணோடு வைக்கோலையும் சேர்த்து மிதித்துக் குழைத்தனர். மண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனியே நிற்காது. இரண்டும் சேர்ந்தபோது, இழுவிசையை வைக்கோல் தாங்கிக்கொள்ள, வைக்கோலை மண் பிடித்துக்கொண்டது. கூட்டுப்பொருளின் இலக்கணம் முழுவதும் இச்சுவரில் அடங்கியிருக்கிறது. வலுவைத் தருவது இழை; இழைகளைச் சேர்த்துப் பிடித்து, ஓர் இழையின் சுமையை அடுத்த இழைக்குக் கடத்துவது பிசின். இன்று பிசினின் இடத்தைப் பிளாஸ்டிக்கும், வைக்கோலின் இடத்தைக் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ தாவர நாரோ பெறுகின்றன.

கூட்டுப்பொருள் ஐதராபாத்துக்குப் புதியதன்று. அக்னி ஏவுகணைக்கென இந்நகரின் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களில் மிக இலேசான கூட்டுப்பொருள்கள் உருவாக்கப்பட்டன. அங்கு வந்த நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பியல் மருத்துவர் ஒருவர், அப்பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து அதன் இலேசை வியந்தார். பின்னர், போலியோவினால் கால் நலிந்து மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட உலோகத் தாங்கிகளை இழுத்து நடந்த குழந்தைகளிடம் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்களை அழைத்துச் சென்றார். அதன் விளைவாக ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. இந்நிகழ்வைக் கலாம் தம் உரைகளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். குறைந்த எடையில் மிகுந்த வலு என்பதே கூட்டுப்பொருளின் பயன் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏவுகணைக்குரிய இழைகள் விலை மிக்கவை. தாவர நாரோ மலிவானது. அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்த வரலாறும் நீண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோ பேக்லாண்டு கண்டறிந்த பேக்கலைட்டுடன் மரத்தூள் கலக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை, ஏறத்தாழ 30 இலட்சம் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட டிரபாண்ட் காரின் மேற்கூட்டுத் தகடுகள், பருத்திக் கழிவையும் பினாலிக் பிசினையும் சேர்த்து அழுத்தி உருவாக்கப்பட்டவை. இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு நிலவிய நாட்டில், பருத்திக் கழிவு கார் ஆயிற்று.

ஒட்டாத இரண்டு

அவ்வாறாயின் பருத்திமாரைப் பொடித்து உருகிய பிளாஸ்டிக்கில் கொட்டினால் போதாதா? போதாது. தாவர நாரின் உட்கூறு செல்லுலோஸ் எனும் நுண்ணிழைகளால் ஆனது. அந்நுண்ணிழைகளை ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் பசைபோல் பிணைத்திருக்கின்றன. மேற்பரப்பில் மெழுகும் பெக்டினும் படர்ந்துள்ளன. நெல்லின் உமியிலும் வைக்கோலிலும் இவற்றோடு சிலிக்காவும் மிகுதி. செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள்; காற்றிலுள்ள ஈரத்தையும் அது பற்றிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் முதலிய பிளாஸ்டிக்குகளோ நீரை விலக்குபவை. எண்ணெயும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் இருந்தும் கலவாதிருப்பது போல, நாரும் பிளாஸ்டிக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டும் ஒட்டாதிருக்கும்.

ஒட்டாத நார், வலுவூட்டும் இழையாகாது. பொருளுக்குள் ஓர் ஓட்டையாகவே அது செயற்படும். பொருளின்மீது சுமை ஏறும்போது, பிளாஸ்டிக்கிலிருந்து நாருக்கு விசை கடவாமல், நார் உறையிலிருந்து உருவிய கத்திபோல் வழுக்கி வெளிவரும். அந்த இடைவெளி வழியே ஈரமும் புகும், நார் உப்பும், வெடிப்பு பரவும். ஆகவே கூட்டுப்பொருளின் வலு, நாரின் வலுவைக் காட்டிலும், நாரும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லைப் பரப்பைப் பொறுத்தே அமைகிறது. பதப்படுத்துதல் என்னும் செயல் முழுவதும் அந்த எல்லைப் பரப்பைச் சீர்செய்வதே.

காரம் செய்யும் வேலை

பருத்தித் துணியை எரிசோடாக் கரைசலில் தோய்த்தால் அதன் தன்மை மாறுவதைக் கண்டறிந்த இங்கிலாந்தின் ஜான் மெர்சர், 1850-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் துணி ஆலைகளில் நிகழும் மெர்சரைசிங் எனும் முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. அதே எரிசோடா, அதாவது காஸ்டிக் சோடா, கழிவு நாரையும் பண்படுத்துகிறது. மேற்பரப்பின் மெழுகையும் அழுக்கையும் அது கழுவுகிறது. ஹெமிசெல்லுலோஸின் பெரும்பகுதியையும் லிக்னினின் ஒரு பகுதியையும் கரைத்தெடுக்கிறது. வழவழப்பாக இருந்த மேற்பரப்பு சொரசொரப்பாகி, உருகிய பிசின் பற்றிக்கொள்ள நுண்குழிகள் தோன்றுகின்றன. தடித்த நார்க்கற்றை மெல்லிய நார்களாகப் பிரிவதால் ஒட்டும் பரப்பும் பெருகுகிறது.

இத்துறையில் நம் அண்டை மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. திருவனந்தபுரத்தின் மண்டல ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பிரசாத், பவித்ரன், ரோஹத்கி ஆகியோர் தென்னை நாரைப் பற்றிய தம் ஆய்வினை 1983-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 5 விழுக்காடு எரிசோடாக் கரைசலில், சாதாரண அறை வெப்பநிலையில், 72 முதல் 76 மணி நேரம் ஊறிய தென்னை நாரின் இழுவலு 15 விழுக்காடு உயர்ந்தது. அந்நாரைப் பாலியெஸ்டர் பிசினிலிருந்து பிரித்தெடுக்கத் தேவைப்பட்ட விசையோ 90 விழுக்காடு கூடிற்று. அதனைக் கொண்டு உருவாக்கிய கூட்டுப்பொருளின் வளைவலுவும் மோதலைத் தாங்கும் ஆற்றலும், பதப்படுத்தாத நாரைக் கொண்ட பொருளினும் 40 விழுக்காடு அளவுக்கு மேம்பட்டன.

இவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. நாரின் சொந்த வலு உயர்ந்தது 15 விழுக்காடே; ஒட்டும் வலு உயர்ந்ததோ 90 விழுக்காடு. பயனுள்ள மாற்றம் எங்கு நிகழ்ந்தது என்பது இதிலிருந்து விளங்கும். மற்றொரு செய்தியும் அவ்வாய்வில் உண்டு. குறித்த நேரத்துக்கு மேலும் ஊறவிட்ட நாரின் வலு படிப்படியாகக் குறைந்தது. நார்களை இணைக்கும் பசையையே காரம் கரைத்துவிடுவதால் இவ்வாறு நிகழ்கிறது. மருந்துபோல் இதற்கும் அளவும் காலமும் உண்டு. தென்னை நாருக்குப் பொருந்திய அளவு வாழை நாருக்குப் பொருந்தாது. தென்னை நாரில் லிக்னின் மிகுதி, வாழை நாரில் அது மிகக் குறைவு. ஒவ்வொரு நாருக்கும் தனியே சோதித்தறிதல் இன்றியமையாதது.

நடைமுறையை வரிசையாகக் கூறுவோம். முதலில் நார் நறுக்கப்பட்டு, மண்ணும் தூசும் நீங்கக் கழுவப்படுகிறது. அடுத்து, காரக் கரைசலில் ஊறவைக்கப்படுகிறது. ஊறியபின் நல்ல நீரில் பலமுறை அலசப்பட்டு, எஞ்சிய காரம் மென்மையான அசிட்டிக் அமிலத்தால் சமனாக்கப்படுகிறது. இறுதியில் சூளையில் உலர்த்தப்படுகிறது. கரைசல் தயாரிக்கும்போது நீரில்தான் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். எரிசோடாவின்மேல் நீரை ஊற்றினால் கடும் வெப்பத்தோடு தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றி எவரும் அத்தொட்டியை அணுகலாகாது. கண்ணில் பட்ட எரிசோடா பார்வையைப் பறிக்கவல்லது.

தூது செல்லும் வேதிப்பொருள்

காரம் மேற்பரப்பைத் துப்புரவாக்கும். ஆயினும் நீரை விரும்பும் நாரும் நீரை வெறுக்கும் பிளாஸ்டிக்கும் இன்னும் வேற்றினமே. இவற்றிடையே தூது செல்ல மேலிக் அன்ஹைட்ரைடு ஒட்டப்பட்ட பாலிபுரொப்பிலீன் எனும் இணைப்பான் பயன்படுகிறது. அதன் ஒரு முனை நாரின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். மறுமுனையான நீண்ட சங்கிலி, உருகிய பிளாஸ்டிக்கின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளும். மொத்த எடையில் சில விழுக்காடு சேர்த்தாலே போதுமானது. சிலேன் வகை வேதிப்பொருள்களும் இத்தகைய பணியைச் செய்கின்றன.

இங்கு இரண்டு எல்லைகளை நினைவில் கொள்ளவேண்டும். ஒன்று வெப்பம். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தாவர நார் கருகத் தொடங்கும். ஆதலால் 165 டிகிரி அளவில் உருகும் பாலிபுரொப்பிலீன், அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும் பாலிஎத்திலீன் ஆகியவற்றோடுதான் இந்நார் இயைந்துபோகும். 220 டிகிரியில் உருகும் நைலான்-6 போன்றவற்றோடு கலப்பது எளிதன்று. மற்றொன்று ஈரம். உலர்ந்ததுபோல் தோன்றும் நாரிலும் கணிசமான ஈரம் உறைந்திருக்கும். அந்த ஈரம், கலக்கும் எந்திரத்தின் சூட்டில் ஆவியாகிக் கொப்புளங்களை எழுப்பும். வார்த்த பொருள் தேன்கூடுபோல் பொள்ளலாகும். ஒரு பிடி நாரை எடைபோட்டு, சூளையில் உலர்த்தி, மீண்டும் எடைபோட்டால் ஈரத்தின் அளவு தெரிந்துவிடும். எளிய இச்சோதனையை நாள்தோறும் செய்யாத தொழிற்கூடம், செலவு செய்து பதப்படுத்திய நாரையும் வீணாக்கும்.

குவளையிலிருந்து தொட்டிக்கு

ஆய்வுக்கூடத்தில் ஒரு பங்கு நாருக்கு இருபது பங்கு கரைசல் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஒரு குவளையில் 10 கிராம் நாரைச் சோதிக்கும்போது இது பொருட்டன்று. இதே அளவைத் தொழிற்கூடத்துக்குக் கொண்டுசென்றால் கணக்கு எவ்வாறாகும் எனப் பார்ப்போம். ஒரு டன் நாருக்கு 20,000 லிட்டர் கரைசல் வேண்டும். அதில் 5 விழுக்காடு எரிசோடா எனில், 1,000 கிலோ. அஃதாவது, நாரின் எடைக்கு நிகரான எரிசோடா! விலையின்றிக் கிடைத்த கழிவைப் பதப்படுத்த அதன் எடையளவு வேதிப்பொருளை வாங்கிக் கொட்டுவது எந்த வணிகத்துக்கும் உகந்ததன்று. அலசுவதற்கான நீர் இக்கணக்கில் சேரவில்லை.

ஆதலால் தொழிற்கூடத்தில் காரக் கரைசலை வடிகட்டி, குறைந்த அளவை மட்டும் ஈடுசெய்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் வேண்டும். கரைசலின் அளவையும் நாரை நனைக்கப் போதுமான அளவுக்குச் சுருக்குதல் வேண்டும். அவ்வாறு செய்தாலும் இறுதியில் வெளியேறும் நீர், கரைந்த லிக்னினால் கறுத்து, காரம் மிகுந்து நிற்கும். காகித ஆலையின் கருநீரை ஒத்தது அது.

அந்நீரை எங்கே விடுவது என்ற வினா ஐதராபாத்தில் வெறும் ஏட்டு வினாவன்று. பட்டான்செரு, பொல்லாரம் தொழிற்பகுதிகளின் கழிவுநீர் நக்கவாகு ஓடையில் கலந்து, அவ்வோடை மஞ்சீரா ஆற்றில் சேர, கரையோரச் சிற்றூர்களின் கிணறுகளும் வயல்களும் கெட்டன. அவ்வழக்கு 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வயலில் எரியும் புகையைத் தடுக்கிறோம் எனத் தொடங்கும் தொழில், ஓடையில் காரத்தைக் கலந்தால் அது ஒரு தீங்கை மற்றொரு தீங்காக மாற்றிய செயலே ஆகும். அந்த ஓடைநீரைப் பாய்ச்சுவோரும் நாரை விற்ற உழவர்களே என்பதை மறத்தலாகாது.

இக்காரணத்தால் எல்லாப் பொருளுக்கும் காரப் பதம் வேண்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெல் உமித்தூளை மிகுதியாகக் கலந்து உருவாக்கும் நடைமேடைப் பலகைகளுக்குப் பெரும்பாலும் நன்கு உலர்த்திய உமித்தூளும் இணைப்பானுமே போதும். சுமையைத் தாங்கும் பகுதிகளுக்கும், நீண்ட நாரைக் கொண்டு அழுத்தி உருவாக்கும் தகடுகளுக்குமே காரப் பதத்தின் செலவு ஈடாகும். எந்தப் பதம் என்பதை நார் தீர்மானிப்பதைவிட, விற்கப்போகும் பொருள் தீர்மானிப்பதே முறை.

கழிவு எனப்படுவது எவருக்குக் கழிவு?

வைக்கோலைக் கழிவு என்று எழுதுவது எளிது. ஆனால் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வைக்கோல் தீவனம். வறட்சிக் காலத்தில் அது பொன்னுக்கு நிகர். ஒரு தொழிற்கூடம் வைக்கோலை வாங்கத் தொடங்கினால், அதன் போட்டியாளர் மற்றொரு தொழிற்கூடம் அன்று, மாட்டுத் தொழுவம். உமியும் அவ்வாறே; நெல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிய அதனை அரிசி ஆலைகளும் செங்கற்சூளைகளும் எரிபொருளாக வாங்குகின்றன.

இந்நோக்கில் பருத்திமாரின் நிலை வேறு. அது மாட்டுக்கு உதவாது; தன் கட்டமைப்பில் வன்மரத்தை ஒத்தது. மும்பையில் 1924-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் அமைப்பு, பருத்திமாரைத் துகளாக்கிப் பிசினோடு அழுத்திப் பலகை செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. மேலும், பருத்தியை அழிக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, அறுவடைக்குப்பின் நிற்கும் செடியிலும் வெடிக்காத காயிலும் தங்கி, அடுத்த பருவத்தைத் தாக்குகிறது. எனவே கடைசிப் பறிப்பு முடிந்தவுடன் செடியை அகற்றிவிடுமாறு வேளாண் துறையினர் அறிவுறுத்துகின்றனர். தை, மாசியில் வந்து பருத்திமாரை வாங்கிச் செல்லும் ஒருவர், உழவருக்குப் பணத்தோடு பயிர்ப் பாதுகாப்பையும் தருகிறார். ஆனால், வாங்கியதை அப்படியே குவித்து வைத்தால் புழு அக்குவியலிலேயே வாழும். வாங்கிய கையோடு துகளாக்குவதே சரியான முறை.

துகளாக்குதல் போக்குவரத்துக்கும் நன்மை தரும். கட்டாத பருத்திமார் இடத்தை அடைக்குமேயன்றி எடை தராது. லாரி நிறைந்துவிடும்; அதன் சுமைத்திறனோ பாதிகூட நிரம்பாது. வயலோரத்திலேயே துகளாக்கும் நடமாடும் எந்திரம் ஒன்றைச் சில சிற்றூர்கள் சேர்ந்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வாயிலாக வாங்குவது இதற்கு ஏற்ற வழி. உழவர் விற்பது குச்சியாக இருந்தால் ஒரு விலை. உலர்ந்த துகளாக இருந்தால் மற்றொரு விலை. அந்த வேறுபாடு ஊரிலேயே தங்கும்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். பொள்ளாச்சியின் தேங்காய் மட்டை, காவிரிப் படுகையின் வாழைமட்டை, விருதுநகர் கரிசலின் பருத்திமார் என ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நார் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1993-ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில், குலை வெட்டியபின் எஞ்சும் தண்டிலிருந்து நார் எடுக்கும் முறைகளைப் பற்றி அறிந்துகொள்ளலாம்.

சந்தையில் நிற்கும் பொருள்கள்

ஃபோர்டு நிறுவனம், 2010-ஆம் ஆண்டு மாடலான ஃப்ளெக்ஸ் காரின் உட்புறப் பெட்டிகளுக்கு 20 விழுக்காடு கோதுமைத்தாள் கலந்த பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதற்குத் துணைநின்றது. கவனிக்கத்தக்கது யாதெனில், அவர்கள் முதலில் தேர்ந்தது பம்பரையோ கதவையோ அன்று. கண்ணில் படாத, மழை படாத, பெருஞ்சுமை தாங்காத ஒரு சிறு பெட்டியை. நாரின் குறைகள் தலைகாட்டாத இடத்தில் அதன் நிறைகளைப் பயன்படுத்திக்கொண்டனர். புதிதாகத் தொடங்குவோர்க்கு இது பின்பற்றத்தக்க நெறி.

நாருக்குப் பிளாஸ்டிக் ஒன்றே துணை என்பதுமன்று. ஐதராபாத்தை அடுத்த கந்தியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில், வேளாண் கழிவையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்த உயிர்ச்செங்கற்களால் ஒரு காவலர் அறை கட்டப்பட்டு, 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. நறுக்கிய தாளும் சக்கையும் சுண்ணாம்புக் குழம்பில் பிசைந்து அச்சிலிடப்பட்டு, காற்றில் உலர்த்தப்படுகின்றன, சூளை வேண்டுவதில்லை. வீட்டின் சுமையைத் தாங்குவது உலோகச் சட்டமே. இச்செங்கல் அதனிடையே சுவராய் நின்று வெப்பத்தைத் தடுக்கிறது. இங்கும் பொருளின் எல்லையை அறிந்து அதற்குரிய பணியைக் கொடுத்திருப்பதைக் காண்கிறோம்.

பிளாஸ்டிக்கோடு சேர்ந்த நாரைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். 30 விழுக்காடு நார் கலந்த பொருளில் 70 விழுக்காடு பிளாஸ்டிக்கே. அது மண்ணில் மட்கிப்போகாது. பிளாஸ்டிக்கின் தேவையைக் குறைக்கிறது, வயலில் தீயைத் தவிர்க்கிறது, எடையைக் குறைக்கிறது என்ற மூன்றும் மெய். தானே மக்கும் எனக் கூறி விற்பது மெய்யன்று. வாங்குவோர் ஒருநாள் அதனை அறிந்துகொள்வர்.

கடன் கோருமுன் எண்ண வேண்டியவை

நம் வாடிக்கையாளர்களுள் சிறுதொழில் முனைவோரும் உழவர் அமைப்பினரும் பலர் உள்ளனர். அவர்களுக்கென ஒரு சிறு கணக்கை முன்வைக்கிறோம். நாளொன்றுக்கு ஒரு டன் நாரைப் பயன்படுத்தும் கூடம், ஆண்டில் 300 நாள் இயங்கினால் 300 டன் நார் வேண்டும். ஹெக்டேருக்கு 2.5 டன் எனக் கொண்டால் 120 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 300 ஏக்கர் நிலத்தின் பருத்திமார். அது கிடைப்பதோ ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களில். ஆகவே ஓர் ஆண்டின் மூலப்பொருளை ஒரே பருவத்தில் வாங்கிச் சேமிக்கும் அளவுக்கு நடைமுறை மூலதனம் தேவைப்படும். எந்திரத்துக்கான தவணைக் கடனை மட்டும் கணக்கிட்டு வருவோர் முதலில் தடுமாறுவது இங்கேதான். உலர்ந்த துகள் எளிதில் தீப்பற்றும் ஆதலால், சேமிப்புக் கிடங்கும் தீக் காப்பீடும் திட்ட அறிக்கையிலேயே இடம்பெறல் வேண்டும்.

அடுத்தது விலை. 30 விழுக்காடு நார் எனில், ஒரு டன் நாரோடு 2.3 டன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக்கையும் இணைப்பானையும் வாங்கியாக வேண்டும். நார் முற்றிலும் இலவசமாகவே கிடைத்தாலும், செலவின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பிளாஸ்டிக்கின் விலையே. இப்பொருளின் போட்டியாளர் யார் என்பதையும் தெளிந்திருத்தல் வேண்டும். கண்ணாடி இழையை வெல்வோம் என்று பலர் எண்ணுகின்றனர். வலுவில் அது கடினம். உண்மையான போட்டி, பிளாஸ்டிக்கில் விலை குறைக்கக் கலக்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளோடும் டால்க் தூளோடும்தான். அவை மலிவானவை; ஈரம் உறிஞ்சாதவை. ஆயினும் அவற்றின் அடர்த்தி தாவர நாரின் அடர்த்தியைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. எடை குறைவு எங்கே பணமாகிறதோ, அங்கேதான் நார் வெல்லும்: வாகன உட்பாகங்கள், அடிக்கடி தூக்கியிறக்கும் பெட்டிகள், தொலைவுக்கு அனுப்பும் தட்டங்கள் முதலியன.

மூன்றாவது சோதனை. சென்னையில் 1968-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிபெட் நிறுவனத்துக்கு ஐதராபாத்தின் செர்லபள்ளியிலும் மையம் உண்டு. எந்திரம் வாங்குமுன், சில கிலோ நாரையும் பிளாஸ்டிக்கையும் கலந்து மாதிரித் துண்டுகளை வார்த்து, இழுவலு, வளைவலு, நீர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றைச் சோதித்துச் சான்று பெறுவது சிறுசெலவில் முடியும். மழைக்காலத்தைக் கடந்த மாதிரியின் சோதனை, புதிய மாதிரியின் சோதனையைவிட மதிப்பு மிக்கது. பலகையாக விற்க விரும்புவோர், மரத்துகள் மற்றும் பிற தாவரத்துகள் பலகைகளுக்கான ஐ.எஸ். 3087 தரநிலையைத் தொடக்கத்திலேயே படித்தறிதல் நலம். அரசு ஒப்பந்தங்களில் வாய்மொழி உறுதியைவிடத் தரக்குறியீடே பேசும்.

நான்காவது நீர். காரப் பதம் உள்ள திட்டம் எனில், கரைசலை மீளப் பயன்படுத்தும் அமைப்பு, கழிவுநீரைச் சமனாக்கும் தொட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஆகிய மூன்றும் எந்திரப் பட்டியலுக்கு முன்னால் இடம்பெற வேண்டும். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்ட கழிவுநீர்த் தொட்டி, நன்றாக ஓடும் கூடத்தையும் ஒரே ஆணையில் மூடச்செய்யும். கடனின் தவணையோ அன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

நிதி வழிகளைப் பொறுத்தவரை, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், 2022-ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்ட விதிகளின்படி, உற்பத்தித் தொழிலுக்கான திட்டச் செலவின் உச்சவரம்பு 25 இலட்சம் ரூபாயிலிருந்து 50 இலட்சமாக உயர்ந்தது. ஊரகப் பகுதிகளில் தொடங்கப்படும் கூடங்களுக்கு மானிய விழுக்காடு நகர்ப்புறத்தினும் கூடுதல். நார் ஊரகத்திலேயே விளைவதால், துகளாக்கலும் பதப்படுத்தலும் ஊரகத்தில் அமைவது எல்லா வகையிலும் பொருத்தமே. தகுதி, நடப்பு விதிகள் ஆகியவற்றை அருகிலுள்ள கிளையில் கேட்டறியலாம்.

கிளைக்கு வரும்போது, எந்திர விற்பனையாளரின் வண்ணத்தாளோடு மட்டும் வாராமல், மூன்று தாள்களைக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். நாரைத் தர ஒப்புக்கொண்ட உழவர்களின் பட்டியல் ஒன்று. மாதிரிப் பொருளின் சோதனைச் சான்று மற்றொன்று. அப்பொருளை வாங்க முன்வந்த ஒருவரின் கடிதம் மூன்றாவது. இவை மூன்றும் கைவசம் இருந்தால், அடுத்த தை மாதத்தில் தீப்பற்றவிருக்கும் பருத்திமாருக்கு ஒரு விலையைப் பேசத் தொடங்கலாம்.